மூன்று முறை அழைக்கவும்

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு பேர் இன்னொரு பதினோரு பேரோடு பந்து உதைக்க வேண்டுமானால், முதலில் பேரவை மனமிரங்க வேண்டும். நகரப் பொழுதுபோக்குக் கால்பந்தாட்டப் பேரவை என்பது அதன் முழுப்பெயர். பொழுதுபோக்கு பெயரோடு சரி. கொடிக்கம்பத்தை நகர்த்தப் படிவம், காலுறையின் நிறம் மாற்றப் படிவம், போன படிவத்தில் எழுதியது பிழை என்று ஒப்புக்கொள்ள ஒரு படிவம். மழை பெய்வதற்கு மட்டும் இன்னும் போடவில்லை. அதற்கும் ஒரு துணைக்குழு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி.

பேரவையின் சடங்குகளில் தலையாயது பெயரழைப்பு. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளும் நடுக்கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். நடுவர் ஆட்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார், அப்புறம் பெயரை உரக்கக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் ஓரடி முன்வைத்து, “வந்திருக்கேன்!” என்று சொல்ல வேண்டும். கொட்டும் பனியில் அரைக்கால் சட்டையோடு நின்று நின்று இதன்மேல் எல்லோருக்கும் வெறுப்புத் தட்டிவிட்டது. எழுபத்தொன்று கழகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் இந்தச் சடங்கின்மேல் கொள்ளை ஆசை. அவன் பெயரைத்தான் யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவன் மிர்லான். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன் கழகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுபத்தொன்றாம் எண் ட்ராம் போகிற பாதையில், நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் மைதானம். வியன்னாக்காரர்கள் யாராவது இறந்துபோனால் ‘எழுபத்தொன்றைப் பிடித்துவிட்டார்’ என்பார்கள். இந்தப் பெயரை வைத்து எதிரணிகள் செய்யாத கேலி கிடையாது. கழகத்தில் பதினான்கு நாட்டுக்காரர்கள். திட்டுவது அவரவர் தாய்மொழியில். மற்றதெல்லாம் ஆளுக்கொரு விதமாக உடைத்த ஜெர்மனில்.

செயலாளர் நெனாட், செர்பியாவின் நிஷ் நகரத்துக்காரன், லிஃப்ட் மெக்கானிக். செயலாளர் தேர்தல் நடந்தபோது கழிப்பறைக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் ஏகமனதாகத் தேர்வாகியிருந்தான். பாவம், பொறுப்பு என்று வந்துவிட்டதால் பேரவையின் விதிப்புத்தகத்தை, லிஃப்ட்டோடு வரும் கையேட்டைப் படிக்கிற மாதிரி, அட்டையிலிருந்து அட்டைவரை படித்தான். இந்த நகரத்தில் அதை முழுதும் படித்த ஒரே மனிதன் அவனாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் செயலாளராகி ஒரு மாதம் ஆகியிருந்தபோது மிர்லான் வந்தான். கிர்கிஸ்தானின் நாரின் ஊர்க்காரன். மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலை. நாற்பது வயது, அகலத் தோள், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். முதல்நாள் பயிற்சியில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றான். அணித்தலைவன் க்வேசி, கானா நாட்டவன், எழுபத்தொன்றாம் ட்ராமையே ஓட்டுகிறவன், இருபது பந்து அடித்தான். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

“டேய், இவன் எங்கடா இருந்தான் இத்தனை நாளா?” என்று க்வேசி கத்தினான். “இக்னாசியோ, நீ போய்ச் சமையலைக் கவனி!”

இக்னாசியோ சிலியிலிருந்து வந்த சமையல்காரன். கழகத்தின் கோல்கீப்பர். போன ஞாயிறு ஒன்பது கோல் வாங்கியிருந்தான். அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கையுறையை அங்கேயே கழற்றி மிர்லானிடம் கொடுத்துவிட்டான்.

உடையறையில் நெனாட் ஆட்ட அட்டைக்கான படிவத்தை மிர்லானிடம் நீட்டினான். ஒன்பதாம் கேள்வி: ‘இதற்கு முன் வேறு நாட்டில் பதிவுபெற்ற கழகத்துக்கு ஆடியதுண்டா?’ இந்தக் கேள்விக்கு வியன்னாவில் எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். க்வேசி கானாவின் குமாசி நகரத்தில் இரண்டு வருஷம் ஆடியவன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ‘இல்லை’ போட்டான். புதுச் செயலாளருக்கு மட்டும் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“அண்ணே, நான் ஆடியிருக்கேன்,” என்றான் மிர்லான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “எங்க ஊர் நிலக்கரிச் சுரங்கக் கழகத்துக்கு. ஒரு சீசன். பத்தொன்பது வயசுல.”

“ஆடினியா?”

“பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஆனா பேரு பலகையில இருந்துச்சுண்ணே. சுண்ணக்கட்டியால எழுதியிருந்தாங்க.”

“அப்ப உண்மையையே எழுதுப்பா. உண்மையை எழுதினா என்ன ஆயிடப்போவுது?”

இந்த ஒரு வாக்கியத்தை நெனாட் அப்புறம் எத்தனை முறை நினைத்து நொந்துகொண்டான் என்பதற்குக் கணக்கே கிடையாது.

படிவம் நேராக வெளிநாட்டு முன்வாழ்க்கைப் பிரிவுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் திறந்திருக்கும் பிரிவு. நான்கு மாதம் கழித்து கடிதம் வந்தது: நாரின் சுரங்கக் கழகம் மிர்லானை விடுவித்துச் சான்று தர வேண்டும். சுரங்கத்தை மூடியபோதே கழகத்தையும் மூடிவிட்டார்கள் என்று நெனாட் பதில் எழுதினான். ஆறு மாதம். கடிதம் வந்தது: அப்படியானால் கழகம் இப்போது இல்லை என்பதற்கு, அந்தக் கழகத்தின் தாளில், அதன் தற்போதைய தலைவர் கையெழுத்திட்டுச் சான்று தரவும்.

மிர்லானின் மனைவி ஜில்திஸ், ஊரில் பழைய தலைவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர் இப்போது ஆடு மேய்க்கிறார். மிர்லானின் மகள் ஐப்பேரியின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘எங்கள் கழகம் இல்லை, நானும் தலைவர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேரவை அதைத் திருப்பி அனுப்பியது. தலைவர் இல்லை என்று தானே ஒப்புக்கொள்பவரின் கையெழுத்து செல்லாதாம்.

இப்படியே மூன்று வருஷம். மிர்லான் செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்குத் தவறாமல் வந்தான். ஞாயிறும் வந்தான். கோடு போட்டான், வலை கட்டினான், சட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து மடித்து வந்தான். பெயரழைப்பின்போது வரிசை முடிகிற இடத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு பெயருக்கும் அவன் உதடு லேசாக அசையும். ஆட்டம் முடிந்து கான்டீனில் பியர் வாங்கும்போது க்வேசி நடுவர் மாதிரிக் குரலை மாற்றி, “மிர்லான் அசனாலியேவ்!” என்பான். மிர்லான் டம்ளரை வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்து, “வந்திருக்கேன்,” என்பான்.

“சத்தமே வரலியேடா. மைதானத்துல காத்து அடிச்சா நடுவருக்குக் கேக்குமா இது? வயித்துலேருந்து கத்து!”

“அன்னைக்கு வந்துடும், பாருங்க,” என்பான் மிர்லான்.

இரண்டாவது வருஷம் நெனாட் அவனையும் கூட்டிக்கொண்டு பேரவைக்கே போனான். வெளிநாட்டு முன்வாழ்க்கைப் பிரிவின் தலைமை ஆலோசகர் டாக்டர் வொர்லிச்செக் அவர்களை நிற்க வைத்தே பேசினார். எதில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வியன்னாவில் பட்டத்தைச் சொல்லாமல் கூப்பிட்டால் காது கேட்காது. அவர் தலைக்குமேல் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி. ‘இங்கே எல்லோரும் நம்மவர்’ என்று பெரிய எழுத்து. படத்தில் ஒருவன் காற்றில் படுத்தபடி பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிறான்.

“டாக்டர் ஐயா,” என்றான் நெனாட், “சுவத்துல இருக்கிறது இவருதான்.”

டாக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மிர்லானைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பெயரழைப்புப் பழக்கம்.

“அடடே! எங்க புகைப்படக்காரர் பயிற்சியில எடுத்தது. இந்தப் படத்துக்கு எங்கெங்கேருந்தெல்லாம் பாராட்டு வந்துச்சு தெரியுமா? பன்முகத்தன்மைன்னா எங்களுக்கு உசிரு. அதுக்குன்னே தனிப் பிரிவு வச்சிருக்கோம், மேல் மாடியில.”

“அப்போ இவர் அட்டை...”

“படம் மேல் மாடி. கோப்பு இந்த மாடி. ஒண்ணோட ஒண்ணு கலந்தா நிர்வாகம் என்னத்துக்கு ஆவும்?” பிறகு மிர்லானைப் பார்த்துக் கனிவோடு சிரித்தார். “ஆடாட்டி என்னங்க? ஊரே உங்க முகத்தைப் பார்க்குது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்?”

மிர்லான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க, டாக்டர் ஐயா,” என்றான். மனதாரத்தான் சொன்னான். நெனாடுக்கு அந்த நன்றியைக் கேட்கத்தான் பொறுக்கவில்லை.

மூன்றாவது வருஷம் மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, “இன்னைக்குப் பயிற்சி இருக்கு,” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான் மிர்லான். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கழகத்தார் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் கம்பி வேலிக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றார்கள், அவ்வளவுதான். மிர்லானின் அலமாரியில் துவைத்து மடித்த பதினாறு சட்டைகள் இருந்தன. அதைப் பார்த்து இக்னாசியோ குழந்தை மாதிரி அழுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜில்திஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நெனாட் பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்ய மொழியைத் தேடித் தேடிப் பேசினான்.

“நீங்கதான் நெனாட் அண்ணனா? உங்களைப் பத்தி நிறையச் சொல்வாரு. ஒரு உதவி கேக்கணும். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல.”

“கேளும்மா.”

“பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமைதோறும் பேசுவாரு. இன்னைக்கு ஆடினேன், இத்தனை பந்து பிடிச்சேன்னு. அதுவும் ஆட்டத்துக்கு முன்னாடி நடுவர் பேரைச் சத்தமாக் கூப்பிடுவாராமே? ‘உங்க அப்பா பேரை ஊரே கேக்கிற மாதிரிக் கூப்பிடுவாங்க, நான் பதில் சொல்லுவேன்’னு சொல்லிச் சொல்லி, அவ அதையே புடிச்சுக்கிட்டா. அந்தப் பேரு கூப்பிடற வீடியோ ஒண்ணு இருந்தா அனுப்புவீங்களா? பழசா இருந்தாலும் போதும். பதினோரு வயசுண்ணே, சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்குறா.”

மிர்லான் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நெனாடின் வாயிலிருந்து “அனுப்புறேம்மா” என்றுதான் வந்தது.  உண்மையை எழுதுப்பா என்று சொன்ன வாய் இதே வாய்தானே.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மௌன அஞ்சலி. ஆட்டத்துக்கு முன் நடுவர் இறந்தவரின் பெயரை உரக்கச் சொல்லி ஒரு நிமிஷம் எல்லோரையும் நிற்க வைப்பார். பெயர் காதில் விழும், வீடியோ எடுத்துவிடலாம். அதற்கும் படிவம் இருந்தது. இறப்புச் சான்றை இணைத்து, செவ்வாய் மூன்று மணிக்கு டாக்டர் வொர்லிச்செக்கின் அறைவாசலில் நின்றான்.

“முதல்ல என் ஆழ்ந்த அனுதாபங்கள்,” என்றார் டாக்டர். “இதை நான் தனிப்பட்ட முறையில சொல்றேன். பேரவை சார்பா அனுதாபப்படணும்னா செயற்குழு கூடணும்.” படிவத்தைப் புரட்டினார். “ஆனா இறந்தவர் எங்க ஆட்டக்காரர் இல்லையே?”

“மூணு வருஷமா விண்ணப்பம் இருக்குங்க.”

“விண்ணப்பதாரர்னு சொல்லுங்க. விண்ணப்பதாரருக்கெல்லாம் மௌனம் குடுக்க ஆரம்பிச்சா என்ன ஆவுறது? மௌனத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அதைக் கண்டவங்களுக்கும் அள்ளிக் குடுத்துட்டா, நாளைக்கு நான் போறப்போ எனக்கு என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்க?”

“போன வருஷம் பேரவைத் தலைவரோட நாய் செத்ததுக்கு எல்லா மைதானத்துலயும் ஒரு நிமிஷம் நின்னோமே, டாக்டர் ஐயா.”

டாக்டரின் முகம் வாடியது. “வால்டி. அது கௌரவ உறுப்பினர். அட்டை இருந்துச்சு. படத்தோட.”

நெனாட் டாக்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தான். தலைக்குமேல் சுவரொட்டியில் மிர்லான் இன்னும் பாய்ந்துகொண்டிருந்தான்.

“நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை,” என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. “பதிவாகாத ஆதரவாளர்னு ஒரு வகை இருக்கு. பதினஞ்சு விநாடி. ஆனா வேலிக்கு வெளியே நிக்கணும், பேரு சொல்லக்கூடாது. வேணுமா?”

“பேருதாங்க வேணும்.”

“அது மட்டும் முடியாது.”

கோப்பு மேசையிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து வேறு அறைக்கும் போனது. அப்படிப் போன வழியில்தான் அந்த அதிசயம் நடந்தது. மிர்லான் இறந்த பன்னிரண்டாம் நாள் கழகத்தின் அஞ்சல் பெட்டியில் ஒரு தடித்த உறை. உள்ளே மிர்லானின் ஆட்ட அட்டை, படத்தோடு, முத்திரையோடு. கூடவே ஒரு கடிதம்: ‘இணைக்கப்பட்ட சான்றின்படி விண்ணப்பதாரர் தம் முந்தைய கழகத்துக்குத் திரும்பும் வாய்ப்பு முற்றிலும் நீங்கியுள்ளது. எனவே விடுவிப்புச் சான்று தேவையில்லை. தடை நீக்கப்படுகிறது. தங்கள் ஆட்டவாழ்வு சிறக்க வாழ்த்துகள்.’

மூன்று வருஷமாக அவனால் செய்ய முடியாததை அவன் சாவு பன்னிரண்டே நாளில் செய்து முடித்துவிட்டது. நெனாட் உடையறையில் உட்கார்ந்து அந்தச் சின்ன அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படத்தில் மிர்லான் தலையை அழுந்த வாரியிருந்தான். படம் எடுத்த அன்று க்வேசியிடம் கழுத்துப்பட்டி இரவல் வாங்கினான், அதுவும் தெரிந்தது. நெனாட் வாய்விட்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்குத் தொலைபேசினான்.

“இப்போ அட்டை வந்துடுச்சுங்க. இப்போ அவர் ஆட்டக்காரர். மௌனம் கிடைக்குமா?”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். “பதிவான தேதி நேத்து. அதுக்கப்புறம் அவர் இறந்ததா எங்ககிட்ட எந்தச் சான்றும் வரலையே?”

“அதுக்கு முன்னாடியே இறந்துட்டாருங்களே!”

“இறந்தது விண்ணப்பதாரர். அந்தக் கோப்பை மூடியாச்சு. ஆட்டக்காரர் பேர்ல ஒரு குறையும் இல்லை, ஆடத் தகுதியானவர்னு தெளிவாப் போட்டிருக்கு. ஆடத் தகுதியான ஆளுக்கு மௌன அஞ்சலியா? அபசகுனமாப் பேசாதீங்க. ஞாயித்துக்கிழமை தாராளமா ஆட வையுங்க!”

நெனாட் தொலைபேசியை வைத்தான். ஆட வையுங்கள்.  பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் விதியைப் பிரித்தான்.

சனிக்கிழமை கான்டீனில் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டினான்: ‘பட்டியலில் உள்ள ஆட்டக்காரர் அழைப்புக்குப் பதில் தராவிடில், நடுவர் அவர் பெயரை மைதானம் முழுதும் கேட்கும்படி மூன்று முறை அழைக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் பதில் தெளிவாகக் கேட்பதன்பொருட்டு, அந்நேரம் இரு அணியினரும் அசையாமலும் பேசாமலும் நிற்க வேண்டும். மூன்றாம் அழைப்புக்கும் வராதவரின் இடத்தை அன்று வேறெவரும் நிரப்பலாகாது.’

“அவனைப் பட்டியல்ல போடணுங்கிற,” என்றான் க்வேசி.

“ஒண்ணாம் நம்பர். நாம பத்துப் பேரோட ஆடணும்.”

“பதினோரு பேரோட ஆடி என்னத்தைக் கிழிச்சோம்? போடு.”

இக்னாசியோ எழுந்துபோய்த் தன் ஒன்றாம் எண் சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். “எனக்குப் பதிமூணு குடு. இது அவனோடது. மூணு வருஷமா நான் இரவல்தான் போட்டிருந்தேன்.”

நடுவர் யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. இரக்கமுள்ள நடுவர் வந்தால் காரியம் கெட்டது. ‘சரி விடுங்கப்பா’ என்று ஒரு தடவையோடு நிறுத்திவிடுவார். கடவுள் கண்திறந்து ஷெபெஸ்டாவை அனுப்பினார். அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்க்கும் மனிதர். இரண்டு கையிலும் கடிகாரம். காலுறை ஒரு விரல் இறங்கியதற்காக ஒருவனை வெளியே அனுப்பியவர். அவரைப் பார்த்து எழுபத்தொன்று கழகம் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

எதிரணி தபால்காரர்கள். ஏப்ரல் காற்று மைதானத்தின் குறுக்கே சுழன்று அடித்தது. ஷெபெஸ்டா பட்டியலைப் பார்த்தார். நெனாடைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்த ஒண்ணாம் நம்பர். வரிசைக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரே, அவரா?”

“அவருதாங்க.”

“எழுபத்தொண்ணைப் பிடிச்சிட்டாருன்னு கேள்விப்பட்டேன்.”

 இதோ, முடிந்தது என்று நெனாட் நினைத்தான். ஷெபெஸ்டா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அட்டை செல்லும். பட்டியல்ல பேர் இருக்கு. கேள்விப்பட்டதுக்கெல்லாம் விதி கிடையாது,” என்றார். பிறகு, “கடைசிப் பேரை எப்படி உச்சரிக்கணும்? சரியாச் சொல்லுங்க,” என்று கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அணிகள் நின்றன. எழுபத்தொன்று கழகத்தின் வரிசையில் முதலிடம் காலி. நெனாட் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“மிர்லான் அசனாலியேவ்!”

மைதானத்தின் நாலு மூலைக்கும் அந்தப் பெயர் போனது. ஷெபெஸ்டா கடிகாரத்தைப் பார்த்தார். தபால்காரர்களின் தலைவன், “ஆளு எழுந்திருக்கலையோ?” என்று சிரித்தான். ஷெபெஸ்டா விரலை உயர்த்தியதும் வாயை மூடிக்கொண்டான். ஒரு நிமிஷம்.

“மிர்லான் அசனாலியேவ்!”

தபால்காரர்களில் ஒருவன் க்வேசியின் முகத்தைப் பார்த்தான். காலி இடத்தைப் பார்த்தான். பக்கத்து ஆளை முழங்கையால் மெல்ல இடித்தான். வரிசை முழுதும் அது போனது. யாரும் சொல்லாமலே அவர்கள் காலைச் சேர்த்து நின்றார்கள். வெளியே எழுபத்தொன்று வந்து நின்று, கதவு திறந்து மூடி, கல்லறைப் பக்கம் போனது.

மூன்றாம் அழைப்புக்கு முன் ஷெபெஸ்டா தொப்பியைக் கழற்றினார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை.

“மிர்லான் அசனாலியேவ்!”

முன்னைவிடப் பெரிய குரல். கடைசியில் அது கொஞ்சம் உடைந்தது. ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் நெனாடுக்குத் தெரிந்தது. அவன் மனது அந்தப் பதிலுக்குக் காதுகொடுத்துக்கொண்டேயிருந்தது. வந்துவிடுவான், அன்னைக்கு வந்துடும் பாருங்கன்னு சொன்னானே, இதோ வந்துவிடுவான் என்று பைத்தியம் மாதிரிக் காத்துக்கொண்டேயிருந்தது. காற்றுதான் அடித்தது. ஷெபெஸ்டா தொப்பியைப் போட்டுக்கொண்டு பட்டியலில் ஏதோ குறித்தார். விசில் ஊதினார். பத்துப் பேர் ஆடினார்கள், நான்கு கோலில் தோற்றார்கள்.

வீடியோவை வெட்டத் தெரியாததால் நெனாட் அப்படியே அனுப்பினான். பழைய ஆட்டம் என்று மட்டும் எழுதினான்.

அடுத்த வாரம் பேரவையின் ஒழுங்குப் பிரிவிலிருந்து படிவம் வந்தது. ஆட்டக்காரர் அசனாலியேவ், மூன்று முறை அழைத்தும் முன்னறிவிப்பின்றி வராததால், அவருக்கு ஓர் ஆட்டம் தடை. தடை முடிந்தபின் வழக்கம்போல் ஆடலாம். கீழே ஒரு சிறிய கட்டம்: ‘வராததற்குக் காரணம். உண்மையை மட்டும் எழுதவும்.’ இரண்டு வரிக்கு இடம்.

நெனாட் அதை ட்ராமில் முழங்கால்மேல் விரித்து வைத்திருந்தான். க்வேசிதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கைப்பேசி அதிர்ந்தது. ஜில்திஸின் எண்தான், ஆனால் எழுதியிருந்தது ஐப்பேரி.

‘மாமா, வீடியோ நிறைய தடவை பார்த்தேன். அப்பா பேரை மூணு தடவை கூப்பிட்டாங்களே. எல்லாரும் அப்பாவுக்காக எவ்வளவு நேரம் நின்னாங்க! ஆனா அப்பா பதில் சொல்றது மட்டும் கேக்கவே இல்லை. ஏன் மாமா?’

இரண்டு நிறுத்தம் போகும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதலில் சிறுமிக்கு எழுதினான். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, அனுப்பினான். அப்புறம் பேனாவை எடுத்து, பேரவையின் கட்டத்துக்குள், ஒரு சொல்கூட மாற்றாமல், அதையே எழுதினான்:

‘வந்திருந்தார். பதிலும் சொன்னார். அவருக்கு மெல்லிய குரல். அன்றைக்குக் காற்று அதிகம்.’